சின்ன ஊர், தாவும் விகிதம்

எங்கேயாவது சிசு மரணம் ஒரே வருடத்தில் இரட்டிப்பானது என்று படித்தால், அங்கே மொத்தம் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்றுதான் முதலில் பார்ப்பேன். உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை எத்தனை என்பதுதான் அந்த விகிதம், ஆனால் வருடத்துக்கு 200 குழந்தைகளே பிறக்கும் இடத்தில் இறப்பு ஒன்றிலிருந்து இரண்டானாலே அது 5-லிருந்து 10-க்குத் தாவிவிடும். தாய் மரணக் கணக்கு இன்னும் மோசம். அது 1,00,000 பிறப்புக்குப் போடுவது, பல வருடம் பூஜ்யமாக இருந்துவிட்டு ஒரே ஒரு மரணத்தில் 500 ஆகிவிடும்.

இறந்தவர் ஒருவர்தானே என்று தள்ளிவிடவும் முடியாது, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று விசாரிக்கத்தான் வேண்டும். அது வேறு, போக்கைக் கணிப்பது வேறு. போக்குக்குச் சில வருடங்களைச் சேர்த்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் அடிக்கடி நடப்பதைப் பார்க்கலாம்: 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தவர்கள், 37 வாரம் நிறையும் முன் பிறந்தவர்கள், ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகள்.

அப்புறம், கர்ப்ப காலப் பரிசோதனைகளை எண்ணும் அளவுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களை யாரும் எண்ணுவதில்லை, எனக்கு இதில் கோபமே உண்டு. முதல் ஆறு வாரத்தில் குறைந்தது நான்கு முறை தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் முதலாவது 24 மணி நேரத்துக்குள். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு பெரும்பாலும் அந்த முதல் நாளில்தான் உயிரை எடுக்கிறது.