சுடர் சோதனையும் சோடியத்தின் மஞ்சளும்

மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும் மாணவர்களில் பலர், உப்பைச் சுடரில் காட்டி, தோன்றும் நிறத்தைக் கொண்டு அதிலுள்ள உலோகத்தை அறியும் சுடர் சோதனையை ஒரு சடங்காகவே முடித்துவிடுகிறார்கள். கால்சியம் என்றால் செங்கல் சிவப்பு, பேரியம் என்றால் ஆப்பிள் பச்சை என்பது மனப்பாடமாக இருப்பதால், கண் பார்ப்பதற்கு முன்பே கை எழுதிவிடுகிறது. வேதியியல் கற்பிக்கும் எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உப்பை எடுக்கும் முன் பிளாட்டினக் கம்பியைச் சுத்தமாக்க, அதை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டுவதை, சுடரில் எந்த நிறமும் தோன்றாத நிலை வரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பர்னரின் காற்றுத் துளை நன்றாகத் திறந்திருக்க வேண்டும். வாட்ச் கிளாஸில் உப்போடு அமிலத்தைக் குழைப்பதற்கும் காரணம் உண்டு: குளோரைடுகள் மற்ற பல உப்புகளைவிட எளிதில் ஆவியாகும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும், கம்பியின் நுனியை விரலால் தொட்டுவிட்டால் போதும், வியர்வையின் உப்பிலுள்ள சோடியம் சுடரை மஞ்சளாக்கிவிடும். 589 நானோமீட்டர் அருகே வெளிப்படும் அந்த ஒளி, பொட்டாசியத்தின் வெளிர் ஊதாவை முற்றிலும் மறைத்துவிடக்கூடியது. அதனால்தான் மஞ்சளைத் தடுக்கும் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்கிறோம்.

மிகச் சிறிதளவு சோடியத்தையும் சுடர் காட்டிக்கொடுக்கும் இந்த நுண்ணுணர்வையே ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் புன்சன், கிர்க்காஃப் என்ற விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அறையின் ஒரு கோடியில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டை வெடிக்கச் செய்து, தொலைவில் எரிந்த சுடரை நிறமாலைமானியால் கவனித்தபோது, சில நிமிடங்களில் மஞ்சள் கோடு தெரிந்தது. சுடரின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்க்கும் அதே முறையில், 1860இல் டுர்க்ஹைம் கனிம நீரில் சீசியம் என்ற புதிய தனிமத்தையும், மறு ஆண்டு ரூபிடியம் என்ற இன்னொன்றையும் கண்டறிந்தார்கள்.

எலெக்ட்ரான் மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவி, கீழிறங்கும்போது ஒளியை உமிழ்கிறது என்ற விளக்கம் எல்லாச் சுடர்களுக்கும் பொதுவானதே. ஆனால் ஒளி எப்போதும் தனி அணுவிலிருந்து வருவதாக நினைத்துவிடக் கூடாது. கால்சியத்தின் செங்கல் சிவப்பு, பெரும்பாலும் சுடரில் உருவாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு மூலக்கூறுத் துணுக்கிலிருந்து வருகிறது. பழைய சிடி ஒன்றை, நெருக்கமான வரிகளால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியாக வைத்து நிறமாலைமானி செய்து பார்த்தால், சோடியம் ஒரே மெல்லிய கோடாகவும், கால்சியம் பச்சையிலும் ஆரஞ்சுச் சிவப்பிலும் அகன்ற பட்டைகளாகவும் தெரியும்.