ஷெஃபீல்டு கோட்டை மாதிரி: வாயில் கோபுரத்தின் அடிச்சரிவு முடிந்தது

நான் செய்துவரும் கோட்டை மாதிரியில் வாயில் கோபுரத்தின் அடிச்சரிவு, அதாவது கோபுரத்தின் அடி வெளிப்பக்கமாக விரியும் பகுதி, ஒருவழியாக முடிந்தது. பசை காய்ந்து, மேசைமேல் நேராக நிற்கிறது. இந்தக் குளிர்காலம் முழுக்க என்னை இழுத்தடித்த பகுதி இதுதான். மதில், அகழி, உள்முற்றம் எல்லாம் இன்னும் பாதியில் கிடக்கின்றன. இருந்தாலும் இந்தச் சந்தோஷத்தை இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் செய்துகொண்டிருப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கோட்டை. டான் ஆறும் ஷீஃப் ஆறும் கூடும் முனையில், நகரத்தை ஒட்டியே நின்ற கோட்டை அது. ஸ்காட்லாந்து ராணி மேரி 1570 முதல் 1584 வரை ஷெஃபீல்டில் காவலில் இருந்தபோது அவரை அடைத்து வைத்த இடங்களில் ஒன்று. இன்று அங்கே மதிலும் இல்லை, உயர்ந்து நிற்கும் கோபுரமும் இல்லை. கோட்டை இருந்த காலத்தில் யாரும் வரைந்த படமும் நம் கைக்கு வந்து சேரவில்லை. 1637-இல் ஜான் ஹாரிசன் எழுதி வைத்த நில அளவைக் குறிப்பைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: கல்லால் கட்டியது, விசாலமானது, சுமார் 4 ஏக்கர். அதாவது ஏறத்தாழ 16,000 சதுர மீட்டர். சதுரம் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 127 மீட்டர். 1:200 அளவில் 64 செ.மீ. சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும். ஆகவே முழு வளாகம் 1:200-இல், வாயில் மட்டும் தனியாக 1:50-இல்.

வாயிலுக்கு மட்டும் ஏன் தனி மாதிரி? மண்ணுக்குள்ளிருந்து ஓரளவு உருவத்தோடு கிடைத்தது அதுதான். 1927-இல் அந்த இடத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் பெரிய கடை ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது தொல்லியலாளர் லெஸ்லி ஆம்ஸ்ட்ராங் உள்ளே இறங்கி வேலை செய்தார். வாயிலின் வட்டக் கோபுரம் ஒன்றின் அடிப்பகுதி வெளிப்பட்டது. கட்டடக்காரர்கள் ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே போக, அவர் மறுபக்கம் பதிவு செய்துகொண்டே போயிருக்கிறார். ஜோசப் ஹிம்ஸ்வொர்த் என்பவரும் அந்தக் குழிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து வைத்தார். அவர் வெள்ளி வேலைத் தொழிலைச் சேர்ந்தவர். தொல்லியல் அவருக்கு ஆசையால் வந்தது. நம்மைப் போன்ற ஒருவர் விட்டுப்போன குறிப்புகளை இன்றைய ஆய்வாளர்கள் மேசையில் விரித்து வைத்துப் படிக்கிறார்கள் என்பதில் எனக்கு அளவற்ற பெருமை. 1958-லிருந்து லெஸ்லி புட்சர் தொடர்ந்து பதிவு செய்தார். அப்புறம் மேலே காசில் மார்க்கெட் என்ற சந்தை எழுந்தது, 1965-இல் திறந்தார்கள். கோபுரத்தின் அடி மட்டும் சந்தைக்குக் கீழே ஓர் அறைக்குள் பத்திரமாக இருந்தது. 2015-இல் சந்தையையும் இடித்து முடித்ததும் இடம் மறுபடி திறந்தது. 2018-இல் வெசெக்ஸ் ஆர்க்கியாலஜி என்ற அகழாய்வு நிறுவனம் குழிகள் போட்டுப் பார்த்தது.

சரி, அடிச்சரிவுக்கு வருகிறேன்.

வட்டக் கோபுரம் என்றால் மேலே உருளை. அதில் ஒரு சிரமமும் கிடையாது, எல்லோரும் செய்கிறோம். அடியில் மட்டும் அது வெளிப்பக்கமாக விரிந்து, கவிழ்த்து வைத்த வாளியைப் போல நிற்கிறது. சுவரின் பாரம் பரவும், அடியில் தோண்டிக் கவிழ்ப்பது எதிரிக்குக் கடினமாகும். அந்தச் சரிவில் செதுக்கிய கற்கள் வரிசை வரிசையாக ஏறுகின்றன. இதைக் காட்டாவிட்டால் வாயிலைச் செய்வதில் எனக்கு அர்த்தமே தெரியவில்லை.

வழக்கமான முறை, ஃபோம் தாளில் கல் கோடுகளைக் கீறி, சுற்றி ஒட்டுவது. உருளைக்கு அது போதும். கூம்புக்கு விரித்து வரைந்தால் ஒவ்வொரு கல் வரிசையும் வில்லாக வளையும். வளைவாகக் கீறி, வளைவாக வெட்டி, சுற்றும்போது கீறிய இடத்திலேயே ஃபோம் பிளக்கிறது. பின்பக்கம் பள்ளம் போட்டாலும், சூடு காட்டினாலும் பிளக்கிறது. மெல்லிய அட்டையில் பிளக்கவில்லை. ஆனால் அட்டையில் கீறிய கல் கல்லாகவே தெரியாது. அச்சடித்த காகிதம் மாதிரிதான் இருக்கிறது. களிமண்ணில் வார்த்தால் காயும்போது சுருங்கி, வரிசைகள் அலைபாய்கின்றன. இந்த இடத்தில்தான் வாரக்கணக்கில் நின்றேன்.

வழி கிடைத்தது, கொத்தனார் எப்படிக் கட்டியிருப்பார் என்று யோசித்தபோது. அவர் கூம்பைச் சுற்றவில்லையே, ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசையை வைத்தார். நானும் அப்படியே செய்தேன். ஒரு கல் வரிசைக்கு ஒரு வட்டத் தட்டு, 5 மி.மீ. தடிமன் உள்ள கெட்டி ஃபோம். சூட்டுக்கம்பி வெட்டியின் மேசையில் ஓர் ஊசியை நட்டு, அதில் ஃபோமைக் குத்திச் சுழற்றினால் வட்டம் விழும். கம்பியை 11 பாகை சாய்த்துக் கட்டினேன். 5 மி.மீ. ஏறும்போது ஆரம் 1 மி.மீ. குறைய வேண்டும், அதற்கு வரும் கோணம் அதுதான். தட்டின் விளிம்பு சாய்வாகவே வெட்டுப்படுகிறது. ஒரு தட்டின் மேல் ஆரம் எவ்வளவோ, அடுத்த தட்டின் கீழ் ஆரம் அவ்வளவு. அடுக்கினால் சரிவு ஒரே கோட்டில் ஏறுகிறது, தட்டுகளுக்கு இடையிலான கோடுகளே கல் வரிசையின் படுக்கைக் கோடுகளாகிவிடுகின்றன. அவற்றைத் தனியாகக் கீறவே வேண்டாம்!

கம்பியின் சூடு முக்கியம். கம்பி சிவக்கும் அளவுக்கு ஏற்றினால் வெட்டு அகன்று, ஆரம் கணக்கை விட்டு நழுவிவிடும். சுழற்றும் வேகமும் ஒரே சீராக வேண்டும். நடுவில் ஒரு நொடி கை நின்றாலும் அங்கே பள்ளம் விழும். வெட்டிய விளிம்பு கண்ணாடி மாதிரி பளபளப்பாக வரும், அதில் பெயின்ட் பிடிக்காது. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு, அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி அழுத்தினால் மணற்கல்லின் முகம் வந்துவிடுகிறது.

இனி செங்குத்து மூட்டுகள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கேளுங்கள். ஆரம் 1 மி.மீ. குறைந்தால் சுற்றளவு 6.3 மி.மீ. குறையும். எல்லாக் கல்லையும் 10 மி.மீ. நீளமாக வைத்தால் ஒவ்வொரு வரிசையிலும் பாதிக் கல்லுக்கு மேல் குறைந்துகொண்டே போகும். மூட்டுகள் மெல்ல நகர்ந்து, சுற்றுவட்டத்தில் எங்கேயாவது மூட்டுக்கு நேர்மேலே மூட்டு வந்து நிற்கும். எந்தக் கொத்தனாரும் அப்படி விடமாட்டார், சுவர் அந்த வழியே வெடிக்கும். உண்மையான கட்டுமானத்தில் கற்களின் நீளத்தை மாற்றி மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். ஆகவே 8, 10, 13 மி.மீ. என மூன்று நீளத்தில் காகிதக் கீற்றுகள் தயார் செய்து, கீழ் வரிசையின் மூட்டைப் பார்த்துப் பார்த்து மேல் வரிசையைக் குறித்துக்கொண்டு, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அழுத்தினேன். இந்தப் பேனாவை வெல்லும் கருவி எதையும் நான் கண்டதில்லை. விலை கொடுத்து வாங்கிய செதுக்கு முனைகள் எல்லாம் ஃபோமைக் கிழிக்கின்றன. பேனா அழுத்தி மூடிக்கொண்டே போகிறது.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. கோட்டையைக் கல்லால் கட்டி, மதிலில் அம்புமறைப் பற்கள் வைத்துக்கொள்ள ஷெஃபீல்டின் பிரபு தாமஸ் டி ஃபர்னிவல் 1270-இல் மன்னர் மூன்றாம் ஹென்றியிடம் அனுமதி வாங்கினார். அதற்கு முன் இருந்த கோட்டையை 1266-இல் பிரபுக்களின் கலகத்தின்போது ஜான் டி எவில் என்பவரின் கூட்டம் நகரத்தோடு சேர்த்து எரித்துவிட்டது. அதே காலத்தில் வேல்ஸில், 1268-இல் கில்பர்ட் டி கிளேர் என்ற பிரபு கெய்ர்ஃபில்லி கோட்டையைத் தொடங்கினார். இரட்டை வட்டக் கோபுர வாயில் அங்கே இன்னமும் நிற்கிறது. அதைப் பார்த்து அப்படியே உயரத்தை எடுத்துக்கொள்ள ஆசை வரும். எனக்கு அது சரியாகப் படவில்லை. டி கிளேர் இங்கிலாந்தின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவர், ஃபர்னிவல் அந்த வரிசையில் வருபவர் இல்லை. அவர் பணத்தில் எழுந்த உயரத்தை இவர் தலையில் ஏற்றக்கூடாது.

அதனால் மாதிரி முழுவதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறேன். தோண்டியதில் கிடைத்த பகுதிக்கு மட்டும் கல் முகமும் வண்ணமும். அதற்கு மேலே நான் ஊகித்துக் கட்டுவது எல்லாம் வழவழப்பான வெள்ளை, ஒரு கோடுகூடக் கீறமாட்டேன். பார்க்கிறவருக்கு எது ஆதாரம், எது என் கணிப்பு என்று யாரும் சொல்லாமலே தெரிய வேண்டும். அழகு குறையும்தான். ஆனால் நிறைய மாதிரிகள், படங்கள், கணினிக் காட்சிகள் அடி முதல் முடி வரை ஒரே உறுதியோடு வண்ணம் பூசி நிற்கின்றன. பார்த்தவர் அதையே கோட்டை என்று நம்பிவிடுகிறார். ஆம்ஸ்ட்ராங் கல் கோட்டைக்குக் கீழே எரிந்த படலத்தையும் மரக் கட்டுமானத்தையும் கண்டு, மரத்தை நார்மன்களுக்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன் காலத்தது என்று சொன்னார். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்ன பிறகும் அந்தச் சாக்சன் கதை ஊரில் வெகுநாள் சுற்றியது. கதைக்கு அவ்வளவு ஆயுள் என்றால், வண்ணம் பூசிய உருவத்துக்கு இன்னும் அதிகம்.

எந்த ஆண்டைக் காட்டுவது என்பதையும் முடிவு செய்துவிட்டேன்: 1644 ஆகஸ்ட். உள்நாட்டுப் போரில் கோட்டை மன்னர் பக்கம் இருந்தது. எதிர்ப்பக்கமான நாடாளுமன்றப் படையின் மேஜர் ஜெனரல் கிராஃபோர்டு முற்றுகையிட்டார். முதலில் கொண்டுவந்த பீரங்கிகளுக்கு மதில் அசையவில்லை. பெரிய பீரங்கிகள் வந்த பிறகுதான் உடைந்தது, ஆகஸ்ட் 11-இல் சரணடைந்தது. கோட்டையை இடிக்க நாடாளுமன்றம் 1647-இல் தீர்மானித்து, அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. ஆக, முழுதாக நின்ற கடைசிக் கோடைக்காலம் அது. மேரியின் காலத்தைக் காட்டும்படி நண்பர்கள் கேட்டார்கள். 1644-க்கு என் காரணம் அகழியில் இருக்கிறது: 2024-இல் அகழ்ந்தபோது அதற்குள் கூராக்கிய மரக்கம்புகள் கிடைத்தன. உள்ளே இருந்தவர்கள் போர்க்காலத்தில் தடுப்பாக நட்டவை என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். முற்றுகைக்குப் பயந்து யாரோ செதுக்கிய முனைகள், ஈரச் சேற்றில் அத்தனை காலம் அழுகாமல் இருந்திருக்கின்றன! அதைக் காட்டாமல் எப்படி விடுவது?

கம்புகளுக்குப் பல்குத்தும் குச்சி வேண்டாம், கடைசலில் வந்த வழவழப்பு காட்டிக்கொடுத்துவிடும். தோட்டத்து வேலியில் வெட்டிய சுள்ளிகளைக் காயவைத்திருக்கிறேன், பட்டையோடு. முனையை நான்கு பக்கமும் கத்தியால் சீவினால் கோடரி வெட்டு மாதிரியே வருகிறது. சேற்றுக்கு உண்மையான ஆற்று மண்ணைச் சலித்துப் பசையில் குழைக்கப் போகிறேன். அடுப்பில் நன்றாக வறுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

ஃபோம் எங்கே வாங்கினேன் என்று கேட்பீர்கள். பொழுதுபோக்குக் கடைகளில் தாள் தாளாக விற்பது விலை அதிகம், தடிமனும் ஓரத்துக்கு ஓரம் மாறுகிறது. தரை வெப்பக் காப்புக்கு விற்கும் 6 மி.மீ. பலகை மலிவு, அடர்த்தியும் அதிகம். சூட்டுக்கம்பியில் மேலாக ஒரு மி.மீ. சீவிவிட்டால் தோலும் போய், தேவையான தடிமனும் கிடைக்கிறது. மணற்கல் நிறத்துக்குத் தயாராகக் கலந்து விற்கும் எந்தப் புட்டியும் எனக்குப் பிடிக்கவில்லை, எல்லாமே மஞ்சள் தூக்கல். மஞ்சள் காவியில் கொஞ்சம் அடர் பழுப்பும், ஒரு சொட்டுச் சாம்பலும் சேர்த்து நானே கலக்கிறேன்.

இதற்கிடையில் மனசு பாலத்துக்குப் போய்விட்டது. கோட்டைக்குப் பக்கத்திலேயே டான் ஆற்றின் மேல் லேடிஸ் பாலம். 1485-இல் கட்டத் தொடங்கியது. அதன் அருகே மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருந்ததால் வந்த பெயர். பிற்காலத்தில் பாலத்தை அகலப்படுத்தினாலும் பழைய வளைவுகள் உள்ளே இன்னும் இருக்கின்றன. வளைவு என்றால் மறுபடி ஆப்புக்கற்கள், மறுபடி கோணக் கணக்கு. அதே சூட்டுக்கம்பி மேசையில் ஊசியை நடுவிலிருந்து நகர்த்தி வளைவுத் துண்டுகள் வெட்ட முடியுமா என்று ஒரு துண்டில் பார்த்தேன், வருகிறது. ஆனால் முதலில் இரண்டாவது கோபுரத்துக்குத் தட்டுகள் வெட்டியாக வேண்டும். பலகை வந்துவிட்டது, சனிக்கிழமை தொடங்குகிறேன்.