வள்ளம் கரையேறிய நாட்கள்

2025 செப்ரெம்பர் 28, ஞாயிறு

இந்த வருடத்துக்கான கடைசி ஓட்டம். கனடாவில், சிம்கோ ஏரியின் தெற்கே, கெஸ்விக் பக்கம் குக்ஸ் குடாவில் பேர்ச் மீன் ஒன்பது கிடைத்தது. பொரிக்கவே காணாது என்று மாமா முணுமுணுத்தார். விடியப் பார்த்தால் ஏரி முழுக்கப் புகை, கையை விட்டால் தண்ணீர் காற்றைவிடச் சூடு. இன்னும் இரண்டு கிழமையில் வள்ளத்தைக் கட்டிவைக்க வேண்டும் என்றேன். வல்வெட்டித்துறையில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அது இன்னும் பிடிபடவில்லை. "வாடைக்காத்துக்கு நாங்களும் இழுத்து வைப்பம்தான், ஆனா நீ என்னடா தம்பி, பிள்ளைப்பேத்துக்குத் தாய்வீட்டை அனுப்பிறமாதிரி ஆறு மாசம்!"

ஒக்ரோபர் 4, சனி

வள்ளம் ரெயிலரில் ஏறிவிட்டது. கோடை முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்ததால் அடியைத் தடவினால் மணல்தாள் மாதிரி இருந்தது, எல்லாம் ஸீப்ரா மஸல் குஞ்சுகள். இந்தச் சிப்பியை வேறு ஏரிக்குக் கொண்டுபோய்விடக்கூடாது என்பதற்காகத்தான் ஒன்ராறியோவில் 2022 ஜனவரியிலிருந்து ஒரு விதி: வள்ளத்தைத் தெருவில் இழுத்துப்போக முன்னர் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிய அடித்தக்கையைக் கழற்றி, ஒட்டியிருக்கும் களையையும் எடுத்துவிட வேண்டும். தக்கையைக் கழற்றினேன். பழுப்புத் தண்ணீரோடு ஒரு பேர்ச் மீனின் செதில், ஒரு ரொபி உறை. அப்புறம் 404 நெடுஞ்சாலையில் மெதுவாக வீட்டுக்கு.

ஒக்ரோபர் 11, சனி

பெற்றோலுக்குள் அது பழுதாகாமல் இருக்கிற மருந்தை ஊற்றி, எஞ்சின் குளிரத் தண்ணீர் இழுக்கும் வாயில் ரப்பர் கிண்ணங்களை மாட்டி, தோட்டக்குழாயைத் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்டேன், மருந்து கார்புரேற்றர் வரை போய்ச்சேர வேண்டுமே. இதுவரை சரி.

அடுத்தது கீயர் எண்ணெய். கீழ்த்திருகைக் கழற்றினேன். கறுப்பாகவோ தேன் நிறமாகவோ வந்திருந்தால் நிம்மதி. வந்தது பால் தேத்தண்ணி.

தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும், அப்படியே விட்டிருந்தால் தை மாதக் குளிரில் கீயர்பெட்டி வெடித்திருக்கும். போன வருடம் "ஓடுதுதானே" என்று இந்தத் திருகைத் தொடவே இல்லை. அப்போதே எண்ணெய் எப்படி இருந்ததோ, நினைக்க வயிற்றைக் கலக்கியது.

ஒக்ரோபர் 13, திங்கள்

நன்றி நவிலல் விடுமுறை. வான்கோழி ஓவனுக்குள், நான் கராஜுக்குள். எஞ்சினின் காற்றாடியை (புரொப்பெல்லரை) கழற்றினால் அதன் தண்டில் நைலோன் தூண்டில் நூல், பச்சை நிறம், இறுகச் சுற்றி உருகி ஒரு வளையல் போலவே ஆகியிருக்கிறது. அதுதான் கீயர்பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் சீலை அறுத்திருக்கிறது. மாமா பேனாக்கத்தியால் நூலைச் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பச்சை நூல் பாவிப்பது எங்கள் வள்ளத்தில் அவர் ஒருவர்தான்.

ஒக்ரோபர் 25, சனி

சீல் மாற்றி, காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தும் வந்துவிட்டது. புது எண்ணெயைக் கீழ்த்துளையால்தான் ஏற்றவேண்டும், மேல்துளையால் வழியும் வரைக்கும், இல்லையென்றால் நடுவில் காற்று நின்றுவிடும். வழிந்ததும் முதலில் மேல்திருகைப் பூட்டி, பிறகுதான் கீழே பம்பை எடுப்பது. மேல்திருகு மாமாவின் பொறுப்பு, ஒரு சொட்டு நிலத்தில் விழவிடவில்லை. கடைசியாக சிலிண்டருக்குள் துருக்காப்பு எண்ணெய் அடித்தபோது எழும்பிய வெள்ளைப் புகையில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எஞ்சினை நிமிர்த்தியே வைத்தாயிற்று, மிச்சத் தண்ணீர் தானாக வடியும். பற்றரி பேஸ்மென்றில்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பனி. படங்குக்கு நடுவில் முட்டுக்கொடுத்த தடி போதாது, ஒரு வாளித் தண்ணீர் தேங்கி மேலே உறைந்து குழிந்து கிடந்தது. தும்புத்தடியால் தட்டிவிட்டு இன்னும் உயரமான தடி வைத்தேன். விரல்கள் மரத்துப்போய் உள்ளே வர மாமாவின் அழைப்பு.

"வள்ளம் எப்பிடி?"

"பரவாயில்லை மாமா."

"தக்கை எங்கை?"

"வான் ஓடுற திறப்புக் கொத்தோட கோத்திருக்கு."

"ம்ம். ஏப்ரல் எத்தனையாம் திகதி இறக்கலாம்?"

ஏரியில் இன்னும் ஐஸே பிடிக்கவில்லை.