மேகத்துக்கு முன் சாலை வரைபடம்

மே மாதத்தில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலோ கான்சஸிலோ இடிமேகங்களைத் தொடரப் புறப்பட்டால், பகலின் பெரும்பகுதி ஏதேனும் சிற்றூரின் பெட்ரோல் நிலையத்தில் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று தரையை ஒட்டித் தங்க, மேற்கேயுள்ள மேட்டுநிலத்திலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று அதன்மீது மூடிபோல் அமர்ந்திருக்கும். மாலையில் அந்த மூடி ஓரிரு இடங்களில் மட்டும் உடைந்தால் நமக்கு வேலை. உடையாவிட்டால் நீலவானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

உடைந்த இடத்தில் மேலெழும் காற்று, உயரம் கூடக்கூட வேகமும் திசையும் மாறும் காற்றடுக்குகளைக் கடப்பதால், தானே சுழலத் தொடங்குகிறது. மழையும் ஆலங்கட்டியும் அதன்மீதே விழுந்து அதை அணைத்துவிடாமல் சற்றுத் தள்ளி விழுவதால், சாதாரண இடிமேகம் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துபோக, சூப்பர்செல் எனப்படும் இந்தச் சுழலும் இடிமேகம் மணிக்கணக்கில் நிலைத்திருக்கும். ஆயினும் பெரும்பாலான சூப்பர்செல்கள் டொர்னேடோ (தரையைத் தொடும் சுழல்காற்று) எதையும் இறக்காமலேயே கலைந்துவிடுகின்றன. சுழன்றுகொண்டே நகரும் அந்த மேகக் கோபுரத்தைக் காண்பதற்கே அவ்வளவு தூரம் போகலாம் என்பது என் கட்சி.

மேகம் வடகிழக்கு நோக்கி நகரும் வழக்கமான நாளில், அதன் தென்கிழக்கே நிற்பதே முறை. மழையற்ற மேக அடிப்பகுதி அங்கிருந்து தெளிவாகத் தெரியும். ஆலங்கட்டி வடக்கே விழும். தெற்கே செல்லும் சாலை தப்பிக்கும் வழியாக இருக்கும். அச்சமவெளியில் ஏறக்குறைய மைலுக்கு ஒரு சாலை கட்டம் கட்டமாக ஓடுவது வசதிதான். ஆனால் அவற்றுள் பல மண்சாலைகள். மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். ரேடார் படமும் சில நிமிடங்கள் பழையதாகவே கைக்கு வரும்.

2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோவுக்கு அருகே இந்த விதிகளின் எல்லை தெரிந்தது. முதலில் தென்கிழக்காகச் சென்ற டொர்னேடோ, வேகம் கூடி வடகிழக்காகத் திரும்பியது, அகலம் 4.2 கிலோமீட்டர் வரை விரிந்தது. அதனுள் சுற்றிய சிறு சுழல்களில் காற்று மணிக்கு 480 கிலோமீட்டரைத் தாண்டியதை நடமாடும் ரேடார் பதிவு செய்தது. பெரும்பாலும் வயல்வெளியில் சென்றதால், சேதத்தை வைத்து 0 முதல் 5 வரை அளக்கும் இஎஃப் தரவரிசையில் அதற்கு இஎஃப்3 தான் கிடைத்தது. ஆய்வாளர் டிம் சமராஸ், அவருடைய மகன் பால், உடன்சென்ற கார்ல் யங் மூவரும் காருடன் தூக்கி எறியப்பட்டு இறந்தனர். 2003-இல் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில், தாம் வடிவமைத்த கருவியைப் பாதையில் வைத்து, டொர்னேடோவினுள் 100 மில்லிபார் அழுத்தவீழ்ச்சியை அளந்தவர் சமராஸ். எச்சரிக்கை மிக்கவர் என்று பெயரெடுத்தவரும்கூட.

மழைக்குள் மறைந்திருந்ததால் அந்த டொர்னேடோவின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் கணிப்பது கடினமாக இருந்தது. போதாக்குறைக்கு, தொடர்பவர்களின் வாகனங்களோடு, 11 நாள்களுக்கு முன் மூர் நகரில் வேறொரு டொர்னேடோவால் 24 பேர் இறந்ததை மறக்காமல் காரில் தப்ப முயன்ற மக்களும் சேர்ந்து சாலைகளை அடைத்தனர். ஆகவே சுழற்சியை மழை சூழ்ந்துகொண்டாலோ, தெற்கே செல்லும் சாலையில் வண்டிகள் தேங்கினாலோ, படம் கிடைத்ததா என்று பாராமல் அன்றைய துரத்தலை நான் அங்கேயே முடித்துக்கொள்கிறேன்.