கணக்கு நோட்டிலிருந்து ஒரு கும்மி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாகப் புரொடக்‌ஷன் கணக்கு எழுதுகிறேன். எந்த டேபிளில் யார் எத்தனை டஜன் முடித்தார்கள், எத்தனை பீஸ் டேமேஜ், யார் ஒன்றரை ஷிப்ட் நின்றார்கள் என்று நாள் முழுக்க எழுதுவேன். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிக்கிறவரை அந்த நோட்டு என் கையை விட்டு இறங்காது. போன ஆயுத பூஜைக்கு அந்த நோட்டையே ஒரு பாட்டு நாடகமாகப் போட்டோம். இருபது நிமிஷ நாடகம்தான். ஆனால் இத்தனை வருஷ வேலையில் இதுபோல் எதுவும் எனக்கு நிறைவு தந்ததில்லை.

பாட்டு நாடகம் என்றால் நமக்கு வள்ளி திருமணம், அரிச்சந்திரன். கொங்கில் கூடவே அண்ணன்மார் கதை. சாமியோ ராஜாவோ இல்லாத மேடையில் பாட்டுக்கு என்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என்னை மாற்றியது அமெரிக்காவில் 1954-இல் மேடையேறிய 'தி பஜாமா கேம்' பற்றிப் படித்தது. பஜாமா தைக்கிற ஒரு ஃபேக்டரி. அங்கே வேலை செய்கிறவர்கள் மணிக்கு ஏழரை சென்ட் கூலி உயர்வு கேட்கிறார்கள். கதையே அதுதான். அந்த ஏழரை சென்ட் ஐந்து வருஷத்தில் எவ்வளவு ஆகும், பத்து வருஷத்தில், இருபது வருஷத்தில் எவ்வளவு ஆகும் என்று, ஓவர்டைமையும் சேர்த்து, மேடையில் கணக்குப் போட்டே ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். மூல நாவலை எழுதிய ரிச்சர்ட் பிஸ்ஸல் தன் குடும்பத்தின் பஜாமா ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1984-இல் பஞ்சப்படி கேட்டு நான்கு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அதைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால், எத்தனை பைசா என்பதில்தான் குரல் ஏறும்.

அப்புறம் தேடத் தேடக் கிடைத்தது. 1937-இல் நியூயார்க்கில் 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்ற நாடகத்தைத் துணி தைக்கும் தொழிலாளர்களே நடித்தார்கள். பகலில் வேலை, அது முடிந்து ஒத்திகை. ஆயிரம் காட்சிகளுக்கு மேல் ஓடியது. 2015-இல் வந்த 'ஹாமில்டன்' என்ற அமெரிக்கப் பாட்டு நாடகம், அந்த நாட்டின் ஒரு நிதி மந்திரியின் எண்ணூறு பக்க வாழ்க்கை வரலாற்றிலிருந்து பிறந்தது. நாட்டின் கடனை என்ன செய்வது என்று அதில் இரண்டு மந்திரிகள் ராப் பாட்டில் வாதாடுகிறார்கள். இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்கவும் முடியாது. கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று நடந்ததையெல்லாம் சிந்தாகக் கட்டி, சந்தையில் பாடிப் பாடிப் புத்தகம் விற்ற ஆட்கள் நம்மிடமே இருந்தார்கள்.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது நான் செய்தது தப்பு. ஒரு காதல், ஒரு கெட்ட மேனேஜர், கடைசியில் கல்யாணம் என்று எழுதிக்கொண்டு போனேன். பிசிறு வெட்டுகிற அக்கா ஒருத்தர் முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏனம்மிணி, இதுல நாம எங்க இருக்கறோம்?" என்றார். அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊரில் சின்ன வயதிலிருந்தே வள்ளி கும்மி ஆடியவர்.

அதற்குப் பிறகு எழுதுவதை விட்டுவிட்டுக் காது கொடுத்தேன். லண்டனில் 2011-இல் போட்ட 'லண்டன் ரோடு' என்ற நாடகத்தில், கொலைகள் நடந்த ஒரு தெருவின் ஜனங்கள் பேட்டியில் பேசியதை, திக்கல் திணறல் உள்பட, அப்படியே இசையமைத்துப் பாடினார்கள். அதையே நானும் பிடித்துக்கொண்டேன். கட்டிங் மாஸ்டர் கட்டு எண்ணும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் வரும், களத்தில் நெல் அளக்கிற மாதிரி. அந்த 'லாபம்' மட்டும் கொஞ்சம் நீளும். மற்றவை விரலோடு ஓடும். நாடகம் அந்தக் குரலில்தான் தொடங்கியது. சைஸ் பிரிக்கிற பெண்கள் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று கூவுவது அதற்குப் பின்பாட்டு. பிசிறு வெட்டுகிற கத்தரியின் சத்தம் மூன்று மூன்றாக விழுகிறது என்று கண்டுபிடித்தது அந்த அக்காதான். கும்மிக்கும் அதே நடை. கையைத் தட்டிக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல, நான் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.

கட்டுப் பிரிச்சுநீ எண்ணிப்பாரு – அக்கா
கத்தரி ஓய்ஞ்சதா சொல்லிப்பாரு
நட்டுவெச் சாப்பல நின்னகாலு – மொத்தம்
நாப்பது டஜனடி எண்ணிப்பாரு

டேமேஜுக்குக் கூலி பிடிப்பதைப் பற்றி இரண்டு அடி இருந்தது. ஆபீஸில் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். எனக்கு வருத்தம்தான், வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. சரி, வார்த்தையை மட்டும் எடுப்போம், தாளத்தை எடுக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். மேடையில் அந்த இடம் வந்ததும் பதினாறு பெண்களும் வாயை மூடிக்கொண்டு கும்மியை மட்டும் தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஓவர்லாக் டெய்லர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் யாரோ சேர்ந்து தட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாவது அடி வருவதற்குள் கூட்டம் முழுக்கத் தட்டியது. ஒத்திகையைப் பார்க்காதவர்களுக்குக்கூட அங்கே என்ன வார்த்தை இருந்திருக்கும் என்று தெரிந்திருந்தது. அந்த இரண்டு அடியைப் பாட விட்டிருந்தால்கூட இந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்காக எடுக்கச் சொன்னது சரி என்று ஆகிவிடாது.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிய பிறகு அக்கா என் டேபிளுக்கு வந்தார். பழைய நோட்டை எடுக்கச் சொன்னார். பாட்டில் சொல்கிற அந்த நாளின் பக்கத்தைத் தேடிக் கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாக இறங்கித் தன் பெயரில் நிறுத்தினார்.

"நாப்பத்திரண்டு போட்டிருக்கறேன், அம்மிணி. நாப்பதுன்னு பாட வெச்சுட்டியே."

பார்த்தேன். என் கையெழுத்துதான், நாற்பத்திரண்டேதான். அங்கேயே நின்று இரண்டு பேரும் மெதுவாகத் தட்டிப் பாடிப் பார்த்தோம். டஜனை எடுத்துவிட்டு 'நாப்பத்தி ரெண்டடி எண்ணிப்பாரு' என்றால் தாளம் சரியாக உட்காருகிறது.