பாடுகிற டாக்டர்களே, நீட் பி.ஜி.க்கு வாய்விட்டுப் படிக்காதீர்கள்

மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. ரிசல்ட் வந்துவிட்டது. இ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) பிரிவைக் கேட்கிற அளவுக்கு ரேங்க் இருக்கிறது. அந்த நிம்மதியில், பாட்டையும் விடாமல் தேர்வெழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று சொல்ல ஆள் நிறையக் கிடைப்பார்கள். மருத்துவராகவும் மேடைப் பாடகராகவும் இருந்து 2004இல் பத்மஸ்ரீ பெற்ற சீர்காழி சிவசிதம்பரத்தை நினைத்துக்கொண்டு படிக்க உட்காருங்கள்.

முக்கியமானது இதுதான்: வாய்விட்டுப் படிக்காதீர்கள். குருவிடம் பாடம் கேட்டுப் பழகியவர்களுக்கு எதையும் பத்து முறை சொன்னால்தான் மனதில் நிற்கும். கீர்த்தனைக்கு அது சரி. இந்தத் தேர்வில் யாரும் ஒப்பிக்கச் சொல்லப்போவதில்லை. ஐந்து வரியில் ஒரு நோயாளியைக் காட்டி, நான்கில் எது என்று கேட்பார்கள். ஆலாபனையின் முதல் பிடியிலேயே ராகம் சொல்கிற திறமைதான் அதற்கு வேண்டும். தவிர, இரவு 2 மணி வரை சத்தமாகப் படித்தால் காலையில் மேல் ஷட்ஜம் (மேல் ஸ) நிற்காது. குசுகுசுவென்று படித்தாலும் குரலுக்கு ஓய்வு இல்லை. குரல்வளைத் தசைகள் இறுகியேதான் இருக்கும்.

அதற்குப் பதில் 'ஜோடி நோட்டு' ஒன்று போடுங்கள். ஆரபி, தேவகாந்தாரி ராகங்களுக்கு ஆரோகண அவரோகணம் (ஏறி இறங்கும் ஸ்வர வரிசை) ஒன்றுதான். நடையிலும் கமகத்திலும் (ஸ்வரங்களை அசைக்கும் விதத்தில்) பிரித்துவிடுகிறோம் அல்லவா? அதுபோல ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை பக்கத்துக்கு ஒரு ஜோடி. உதாரணத்துக்கு, சிறுநீரகக் கோளாறில் இரண்டு வகை. நெஃப்ரிடிக் என்றால் சிறுநீரில் சிவப்பணுக் காஸ்ட் (குழாய் வடிவில் உறைந்த சிவப்பணுக்கள்), ஏறிய ரத்த அழுத்தம். நெஃப்ராடிக் என்றால் 24 மணி நேரத்தில் 3.5 கிராமுக்கு மேல் புரதம், குறைந்த ஆல்புமின், உடம்பெல்லாம் வீக்கம். தைராய்டு அறுவைக்குப் பின் குரல் கரகரத்தால் குரல்வளைக்குப் போகும் ரெக்கரண்ட் லாரிஞ்சியல் நரம்பை நினையுங்கள். பேச்சு சரியாக இருந்து மேல் ஸ்தாயி மட்டும் எட்டாமல் போனால் சுப்பீரியர் லாரிஞ்சியல் நரம்பின் வெளிக்கிளை. இந்த ஜோடி நமக்கு மறக்கவே மறக்காது. தவறாகப் போட்ட கேள்விக்குச் சரியான விடையை மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை. எதோடு குழம்பியது என்று எழுதுங்கள். 150 ஜோடி சேர்ந்தால் கடைசிப் பத்து நாளுக்கு அந்த நோட்டே போதும்.

தேர்வின் ஒவ்வொரு பகுதியிலும் 40 கேள்விக்கு 42 நிமிடம், முடிந்த பகுதிக்குத் திரும்ப வழியில்லை. கேள்விக்கு 45 வினாடி வைத்தால் முதல் சுற்று 30 நிமிடத்தில் முடியும். மீதி 12 நிமிடம் குறித்து வைத்தவற்றுக்கு. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப விரித்துப் பாடும் நிரவல் செய்து பழகிய மனம் ஒரே கேள்வியிலும் நின்றுவிடும். அதை உடைக்க, தினமும் ஒரு பகுதியையாவது கடிகாரம் வைத்துப் போடுங்கள்.

சாதகமும் (பாட்டுப் பயிற்சியும்) தொண்டையும்:

- காலை 5 மணிக்கு, படிப்புக்கு முன் 40 நிமிடம். மந்திர ஸ்தாயியில் (கீழ்ச் சுருதியில்) அகாரம், அதாவது 'ஆ' என்று மட்டும் பாடுவது, 10, மூன்று காலத்தில் சரளி 15, இரண்டு காலத்தில் ஒரு வர்ணம் 15.
- நைட் டியூட்டி முடிந்த அன்று வாய் மூடிய ஹம்மிங் 10 நிமிடம் மட்டும்.
- இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம். இல்லையென்றால் அமிலம் மேலேறி, காலை முழுக்கக் கனைத்துக்கொண்டிருப்பீர்கள்.
- சளிக்குப் போடும் அலர்ஜி மாத்திரை தொண்டையை வறட்டும். கச்சேரி அன்று தவிருங்கள்.
- ஓ.பி.யில் காது மந்தமானவர்களிடம் கத்தாதீர்கள். காதருகே போய்ப் பேசுங்கள்.
- கரகரப்பு 3 வாரம் தாண்டினால் லாரிஞ்சோஸ்கோப்பி (குரல்வளையை உள்ளே பார்க்கும் பரிசோதனை). மருத்துவர்கள்தான் இதை அதிகம் தள்ளிப்போடுகிறோம்.

கடைசி 6 வாரம் புதுப் பாட்டு எடுக்காதீர்கள். ஒப்புக்கொண்ட கச்சேரி இருந்தால் கைவந்த உருப்படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ராகம் தானம் பல்லவி வேண்டாம். பல்லவிக் கணக்கு நாலு நாளைக்கு மண்டைக்குள் ஓடி, மாதிரித் தேர்வில் கவனத்தைக் கெடுக்கும். தேர்வு அன்று காலையில் அகாரம் மட்டும் 10 நிமிடம் பாடிவிட்டுக் கிளம்புங்கள்.