மரத்தை மாற்றி வெட்டிய கதை

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேலை தலைக்கு மேல். சிறுவர் நூல் ஒன்றுக்குப் படங்கள் வரைந்து முடித்தேன் (பணம் இன்னும் வரவில்லை, அந்தப் பேச்சே வேண்டாம்). மற்ற நேரமெல்லாம் நோட்டும் மைப்பேனாவுமாக மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றி அலைந்துகொண்டிருந்தேன்.

முதலில் பசார் மாலாம் (இரவுச் சந்தை) படங்கள். கச்சாங் பூத்தே கடையை மட்டும் ஆறு தடவை வரைந்துவிட்டேன். முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை எல்லாம் குவித்து வைத்திருக்கும் அந்த மஞ்சளும் பழுப்பும் எனக்கு அலுக்கவே இல்லை. கடைக்கார அண்ணன் கை ஒரு இடத்தில் நிற்காது, அதனால் ஆறு படத்திலும் அவருக்கு மூன்று கை இருக்கிற மாதிரி விழுந்திருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன். நாலு மணிக்கு மழை பிடித்தால் நீர்வண்ணம் லேசில் காயாது, நோட்டை மூடினால் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நல்ல படம் அப்படித்தான் போனது.

அப்புறம் தோட்டப் பக்கம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரப்பர் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நாலு வீடு மட்டும் நிற்கிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் சிமெந்துத் தரைதான் மிச்சம். அங்கே ஒரு தாத்தா கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, கூட்டுறவுச் சங்கத்துப் பங்குப் பத்திரத்தைக் காட்டினார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்த காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் ஆரம்பித்த சங்கம் அது. பத்திரத்தை வரையட்டுமா என்று கேட்டேன். "பெட்டியை வரை, பேப்பரை வரையாதே" என்றார். சரி, பெட்டியை வரைந்தேன்.

இனி சுவர் விஷயம். எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்துப் பக்கச் சுவர், பதினெட்டு அடி நீளம். பிள்ளைகளோடு சேர்ந்து அதில் ஓவியம் போடலாம் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் ஒரே குரலில், "பினாங்கில் இருக்கிற மாதிரி ஒரு சைக்கிள் போடு" என்றார்கள். 2012இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அந்தச் சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியம் வந்தாலும் வந்தது, அதற்கப்புறம் எந்த ஊர்ச் சுவரிலும் ஒரு சைக்கிள் சாய்ந்துகொண்டு நிற்கிறது. எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. கடைசியில் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு, பின்னால் ஒன்பது ரப்பர் மரம் என்று சமாதானமாகப் போனோம்.

பாசியைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அடிப்பூச்சு அடித்த பிறகுதான் வண்ணத்தைத் தொட வேண்டும். அவசரத்தில் ஒரு மூலையை நான் காயவிடவில்லை, ஒரே வாரத்தில் அங்கே அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, மரங்களில் பால் வடிவதற்கான வெட்டுக்கோடு போட்டுக்கொண்டிருந்தோம். கீரைக்கட்டோடு போன பாட்டி ஒருவர் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது யாரு வெட்டுன மரம்? இடதுகைக்காரனா?" என்றார். எனக்குப் புரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கினார். இடது பக்கம் மேலே ஆரம்பித்து வலது பக்கம் கீழே, ஒரே இழுப்பு. இழுக்கும்போது கை மட்டும் போகவில்லை, காலும் சின்னச் சின்ன அடியாக மரத்தைச் சுற்றுகிற மாதிரி நகர்ந்தது. சுவரில் ஏது சுற்றுவதற்கு? ஆனாலும் நகர்ந்தது. கோட்டின் நுனியில் ஒரு கீறல், அதன் கீழே வட்டமாக, பால் பிடிக்கும் மங்கு. முப்பது வருஷம் பால் வெட்டினாராம்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடாமல் லேசாகச் சாய்ந்து ஓடுகின்றனவாம், இடது மேலிருந்து வலது கீழே சுமார் முப்பது டிகிரிச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடுதலாக வரும். என் நோட்டில் பார்த்தால், நேரில் உட்கார்ந்து வரைந்த மரங்களில் கோடு சரியாகத்தான் இருக்கிறது! சுவரில் சைக்கிளுக்கு இடம் வேண்டும் என்று டேப்லட்டில் படத்தை இட வலமாகத் திருப்பிப் போட்டவள் நான்தான். பழைய வேலைகளைப் புரட்டினேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் செய்த ஒரு கதைப் புத்தகத்திலும் இதே திருப்பல், இதே தப்பு. அம்மாவும் பால் வெட்டியவர்தான். அந்தப் புத்தகத்தை அவரிடம் காட்டியபோது அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். பார்த்தும் சொல்லவில்லையோ என்னவோ, கேட்க எனக்குத் தைரியமில்லை.

எட்டு மரத்தைத் திருத்திவிட்டோம். ஒன்பதாவதை வரைந்த பையனுக்கு ஏழு வயது. என் மரத்தை யாரும் தொடக்கூடாது என்று சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். பாட்டி அவனிடம் வாதாடவில்லை. அந்த ஒரு மரத்துக்கு மட்டும் மங்கு போட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.